புது ஊருக்கு வந்ததிலிருந்து வீட்டில் மாற்றி மாற்றி நோய், எங்கே கோளாறு?

தூக்கமில்லாதவள்:
வணக்கம். வேலை மாற்றத்தால் கோடை முடிவில் இந்த ஊருக்குக் குடிவந்தோம். நான், கணவர், நாலு வயது மகள், ஒன்றரை வயது மகன். பழைய இடத்தில் எப்போதாவது சளி பிடிக்கும், போய்விடும். இங்கே மகளைப் பள்ளியிலும் சின்னவனைக் காப்பகத்திலும் சேர்த்த முதல் வாரமே ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு மூக்கொழுகல், அது அவளுக்கு, அவளிடமிருந்து எனக்கு, கடைசியாகக் கணவருக்கு. அவர் எழுந்து உட்காருவதற்குள் சின்னவன் அடுத்ததைக் கொண்டுவந்துவிடுகிறான். நடுவில் ஒரு தடவை நாலு பேருக்கும் வாந்தி, பேதி. நடுராத்திரியில் விரிப்புகளை அலசிக்கொண்டே அழுதேன்.

புது வேலையில் அடிக்கடி விடுப்பு கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லத் தெரிந்த முகம் ஒன்றும் இங்கே இல்லை. மாமியார் "அந்த ஊர்த் தண்ணி சேரலை" என்கிறார். கணவர் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதென்று வைட்டமின் பாட்டில்களை வாங்கி அடுக்குகிறார். எனக்கு இந்த வீட்டின் மேலேயே சந்தேகம். படுக்கையறைக்குள் போனாலே ஒரு புழுங்கல் வாடை. தண்ணீரா, வீடா, நாங்களா, இல்லை இது இப்படித்தான் இருக்குமா? எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?

மூன்று வாலுகளின் அம்மா:
முதலில் ஒரு கணக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஆறிலிருந்து எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம். காப்பகம் போகும் பிள்ளைக்கு இன்னும் கூடலாம். ஒவ்வொன்றும் ஏழு முதல் பத்து நாள். எட்டு தடவை, பத்து நாள், இரண்டு பிள்ளைகள்: 160 நாள்! இதில் பெரும்பகுதி குளிர்மாதங்களில்தான் வரும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுப்பதும் உண்டு, அதனால் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியதே தெரியாது. ஒரே நோய் மாதக்கணக்கில் தீராததுபோலத் தோன்றும்.

சளியைத் தரும் வைரஸ்களில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. உங்கள் பிள்ளைகள் இப்போதுதான் ஒரே சமயத்தில் இவ்வளவு புதுப் பிள்ளைகளோடு பழகுகிறார்கள். நான் முன்பு காப்பகத்தில் வேலை பார்த்தவள். முதல் வருஷம் பிள்ளைகள் மட்டுமா, புதிதாகச் சேர்ந்த நாங்களும் படுத்தோம். அடுத்த வருஷம் கண்கூடாகக் குறைந்தது.

வைட்டமினை விடுங்கள் தங்கச்சி. தடுப்பூசி அட்டையைப் புது டாக்டரிடம் காட்டுங்கள், ஊர் மாறும்போது ஏதாவது விட்டுப்போயிருக்கும். ஃப்ளூ ஊசி ஆறு மாதம் தாண்டிய எல்லோருக்கும் வருஷாவருஷம் போடலாம். அப்புறம், அடுத்த காய்ச்சலுக்கு யார் வீட்டில் இருப்பது என்பதை எல்லோரும் நன்றாக இருக்கும்போதே கணவரோடு பேசி முடித்துவிடுங்கள். காலை ஏழு மணிக்குத் தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் சண்டையில்தான் முடியும்.

சுவர் தட்டுபவன்:
வீடுகளைச் சோதிப்பது என் தொழில். மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த வாடையைச் சும்மா விடாதீர்கள்.

யாருக்கு, எந்த நாள், என்ன உபாதை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தொற்று என்றால் பெரும்பாலும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சில நாள் இடைவெளியில் நகரும். வீடு காரணமென்றால் மூக்கடைப்பு, கண் அரிப்பு, வறட்டு இருமல் காய்ச்சல் இல்லாமலே இருக்கும். வெளியூர் போனால் குறையும், திரும்பி வந்தால் கூடும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. வெளிச்சுவரை ஒட்டிய பீரோவை நகர்த்திப் பின்பக்கம் பாருங்கள், பூஞ்சணம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதன்மேல் பெயின்ட் அடிப்பது வீண். ஈரம் எங்கிருந்து வருகிறதோ அதை நிறுத்த வேண்டும்.

இதைவிட அவசரமானது ஒன்று. வீட்டில் கேஸ் ஹீட்டரோ பாய்லரோ இருந்து, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சலில்லாமல் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்து, வெளியே போனதும் தெளிந்தால் அது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவாக இருக்கலாம். உடனே எல்லோரும் வெளியேறிவிட்டு அப்புறம் அவசர உதவியைக் கூப்பிடுங்கள். அதற்கு வாடை கிடையாது. அந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் மாட்டுவதுதான் வழி. கிணற்று நீர் என்றால் ஆய்வகத்தில் பாக்டீரியா சோதனை செய்யலாம். மாமியார் சொன்னதையும் பார்த்தாற்போல் ஆகும்.

இரவுப்பணி நர்ஸ்:
வாந்தி, பேதி வீடு முழுக்கப் பரவினால் நோரோவைரஸைச் சந்தேகிக்கலாம். அதற்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். வாந்தி பட்ட இடத்தை ப்ளீச் கரைசலால் துடையுங்கள். வாந்தி, பேதி நின்ற பிறகும் 48 மணி நேரம் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருங்கள். ஓஆர்எஸ் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்; மடமடவென்று குடித்தால் அப்படியே திரும்பி வரும்.

சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள், வைரஸை அது ஒன்றும் செய்யாது. ஆனால் மூச்சு வாங்கினால், விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளிழுத்தால், எட்டு மணி நேரமாக டயாபர் நனையாவிட்டால், எழுப்பியும் சோர்ந்து கிடந்தால் தாமதிக்கக் கூடாது. ஒரே வருஷத்தில் இரண்டு தடவை நிமோனியா, எடை ஏறாமை, ஆன்டிபயாடிக் கொடுத்தும் தீராத தொற்று, இவை இருந்தால் எதிர்ப்பு சக்தியைப் பற்றி டாக்டரிடம் கேட்பதில் அர்த்தம் உண்டு. வெறும் மூக்கொழுகலுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

தூக்கமில்லாதவள்:
எல்லோருக்கும் நன்றி. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் படர்ந்திருக்கிறது, படுக்கையறையில் ஈரப்பதம் 68 காட்டுகிறது. படம் எடுத்து வீட்டு உரிமையாளருக்கு அனுப்பிவிட்டேன், பிள்ளைகளை வேறு அறையில் படுக்கவைக்கிறோம். நோட்டைப் பார்த்தால் சளி எல்லாமே சின்னவனிடம்தான் தொடங்குகிறது. ஆனால் கணவரின் காலை இருமல் மட்டும் யாரிடமிருந்தும் வரவில்லை. அது வீட்டுக் கணக்கு என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாமே மின்சாரம், குழாய்த் தண்ணீர், அதனால் மற்ற இரண்டு கவலையும் இல்லை.

இன்று சின்னவனுக்கு மறுபடி மூக்கொழுகல். காய்ச்சல் இல்லை, ஓடி ஆடுகிறான். நாளை அனுப்பலாமா?

மூன்று வாலுகளின் அம்மா:
காப்பகத்தின் விதியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒரு மாதிரி. அவர்கள் சரி என்றால் அனுப்புங்கள். மூக்கொழுகும் பிள்ளைகளையெல்லாம் வீட்டில் வைத்தால் காப்பகமே காலியாகிவிடும். சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாகக் கையைக் கழுவிவிடுங்கள், அவனுக்கும் உங்களுக்கும். கணவர் அந்த இருமலை டாக்டரிடம் காட்டட்டும்.