ஹாலிவுட் இயக்குநர் நார்மன் டாரோக் படங்கள்: உங்களை இன்னும் உறுத்தும் ஒரே ஒரு காட்சி எது?

வெண்திரை:

நாய்க் கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அதனால் சுருக்கிவிடுகிறேன். 1931, பாராமவுண்ட், 'ஸ்கிப்பி'. அழ வேண்டிய இடத்தில், ஸ்கிப்பியாக நடித்த சிறுவன் ஜாக்கி கூப்பருக்கு அழுகை வரவில்லை. பையனின் அம்மாவுடைய சகோதரியைக் கட்டியவர்தான் டாரோக். அவன் வளர்த்த நாயை ஒரு காவலாளியிடம் கொடுத்து மறைவுக்குக் கொண்டுபோகச் சொன்னார். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பையன் கதறினான், கேமரா ஓடியது. நாய்க்கு ஒரு கீறலும் இல்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கூப்பர் எழுதிய வாழ்க்கைக் கதையின் தலைப்பே 'தயவுசெய்து என் நாயைச் சுட்டுவிடாதீர்கள்' என்பதுதான்.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு நான் படத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். அதுதான் வினை. பாதியில் அம்மாவும் வந்து பக்கத்தில் அமர்ந்துவிட்டார். நாய் பிடிக்கிறவன் ஸ்கிப்பியின் நண்பன் சூக்கியின் நாயைக் கொன்றுவிட்ட பிறகு ஸ்கிப்பி உடைந்துபோகிறான் இல்லையா? கீழுதடு பிதுங்குகிறது, மூச்சு அறுந்து அறுந்து வருகிறது, பேச வாயெடுத்தால் பாதிச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த வயதில் என்னமாய் நடிக்கிறான் பார்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நடிப்பு இல்லை அம்மா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

அந்தப் படத்துக்குத்தான் டாரோக்குக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர். அப்போது வயது 32. அவரைவிட இளையவர் ஒருவர் அந்தப் பரிசை வாங்க 2017ஆம் ஆண்டு வரை, டேமியன் ஷசெல் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்பது வயதுக் கூப்பரையும் சிறந்த நடிகருக்குப் பரிந்துரைத்தார்கள். பரிசு லயனல் பேரிமோருக்குப் போயிற்று. விழாவில் பையன் மேரி டிரெஸ்லர் மேல் சாய்ந்து தூங்கிப்போனான். எதற்குப் பரிந்துரைத்தார்கள், நடித்ததற்கா, அழுததற்கா? இதுதான் எனக்குத் தீரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

கடைசிவரிசை:

டாரோக் என்று ஆரம்பித்தாலே நாயை இழுத்துக்கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது. குறும்படங்களையும் சேர்த்தால் 180 படங்கள் அளவுக்கு எடுத்தவர். ஒரே ஒரு நாள் படப்பிடிப்பை வைத்து ஆளை எடை போட்டுவிடலாமா?

என்னை உறுத்துவது 'ப்ளூ ஹவாய்' (1961). 'கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்' பாட்டைக் கேசட் தேயத் தேயக் கேட்டு வளர்ந்தவன் நான். நிலா, கடற்கரை, காதலியின் தோளில் கை என்று எனக்குள்ளேயே ஒரு காட்சியைப் படம்பிடித்து வைத்திருந்தேன். படத்தில் என்னவென்றால் காதலியின் பாட்டிக்குப் பிறந்தநாள்! கதாநாயகனாக வரும் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி ஓர் இசைப்பெட்டியைப் பரிசாகக் கொடுக்கிறார். அதிலிருந்து வரும் மெட்டைப் பிடித்துக்கொண்டு பாட்டியிடமே பாட ஆரம்பிக்கிறார். காதலி பக்கத்தில் நின்று கேட்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

முதல் முறை பார்த்தபோது ஏமாந்துபோய் அணைத்துவிட்டேன். பிறகு என்னை அறியாமல் அந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனேன். இப்போது அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்தக் கிழவியின் முகம்தான் வருகிறது. என் நிலாவும் கடற்கரையும் போன இடம் தெரியவில்லை. இப்படி ஒரு பாட்டை, இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு அதை ஒரு குடும்ப விருந்தில் போய் வைக்க எவ்வளவு தன்னம்பிக்கை வேண்டும்! எல்விஸ் நடித்த 31 கதைப்படங்களில் ஒன்பதை டாரோக்கிடம்தான் கொடுத்தார்கள். காரணம் இல்லாமலா கொடுத்திருப்பார்கள்?

நாடகக்காரி:

கடைசிவரிசை ஐயா, 180 படம் எடுத்தால் ஒரு குழந்தையை ஒருமுறை கதறவிடலாம் என்று ஏதாவது சலுகை இருக்கிறதா?

நான் குழந்தைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பவள். ஒரு படப்பிடிப்புக்கு என் மாணவி ஒருத்தியை அழைத்துப்போயிருந்தேன். அழுகை வரவில்லை. உதவி இயக்குநர் ஒருவர் குனிந்து அவள் காதில், "உன் அம்மா உன்னை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்" என்றார். உடனே வந்துவிட்டது. ஒரே டேக். எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகு அன்று முழுக்க அந்தப் பெண் அம்மாவின் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடும்போதும் விடவில்லை. இடது கையால் சுற்றிக்கொண்டு வலது கையால் சாப்பிட்டாள்.

இங்கே குறும்படம் எடுக்கிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் கேட்காமலேயே சொல்கிறேன். குழந்தையிடம் "அழு" என்று சொல்லாதீர்கள். "அழக்கூடாது, அடக்கிக்கொள்" என்று சொல்லிப் பாருங்கள். அழுகையை அடக்கும் முகம்தான் பார்க்கிறவனை அழவைக்கும். கண்ணீர் இரண்டாம் பட்சம். கண்ணீர் வேண்டுமென்றால் கிளிசரின் இருக்கிறது, அதையும் பெற்றோரிடம் கேட்டுவிட்டு, கண்ணுக்குள் படாமல், பெரியவர் ஒருவர் போட்டுவிட வேண்டும். அழுகைக் காட்சியைக் காலையில் வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தைக்குத் தூக்கம் வரும்; தூக்கத்தில் வருவது சிணுங்கல், அழுகை இல்லை. முன்கூட்டியே கதையைச் சொல்லிவிடுங்கள்: இது பொய், இவன் செத்துப்போவதாகப் பாவனை, முடிந்ததும் அவனே வந்து உன்னோடு விளையாடுவான் என்று. பொய் என்று தெரிந்த பிறகு அழமாட்டார்களே என்று பயப்படாதீர்கள். பொம்மைக்குக் காய்ச்சல் என்று நிஜமாகவே கவலைப்படுகிறவர்கள் அவர்கள். அருகிலிருந்து முகத்தை எடுக்கும் காட்சியை முதல் இரண்டு டேக்கில் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் முகம் மரத்துவிடும். காட்சி முடிந்ததும் இயக்குநரே போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும், உதவியாளரை அனுப்பக்கூடாது. அன்றைக்கு அந்தக் குழந்தையை வைத்து வேறு காட்சி எடுக்கவும் கூடாது.

இன்னொன்று. 'ஸ்கிப்பி'யில் சூக்கியாக வந்தது ராபர்ட் கூகன். அவன் அண்ணன் ஜாக்கி கூகன் சம்பாதித்ததைப் பெற்றவர்களே செலவழித்துத் தீர்த்ததால்தான் 1939ல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கச் சட்டம் வந்தது. பணத்தைக் காத்தார்கள். அந்தச் சட்டத்தில் நாய்க்கு இடம் இல்லை.

மதியக்காட்சி:

நான் டாரோக்கிடம் வந்து சேர்ந்தது அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸ் வழியாக. நாகேஷைப் பற்றி யார் பேசினாலும் ஜெர்ரி லூயிஸ் பெயர் கூடவே வரும், அது என்னதான் என்று பார்க்கப் போனேன். டீன் மார்ட்டின், ஜெர்ரி லூயிஸ் ஜோடியை வைத்து டாரோக் ஆறு படம் எடுத்திருக்கிறார். ஆறையும் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

உறுத்துவது அந்த ஆறில் கடைசியான 'பார்ட்னர்ஸ்' (1956). கௌபாய்க் கேலி, கதை ஒன்றும் பிரமாதமில்லை. முடிவில் 'தி எண்ட்' என்று திரையில் எழுத்து வந்து விழுகிறது. இருவரும் துப்பாக்கியை எடுத்து அந்த எழுத்துகளைச் சுட்டுத் தள்ளிவிட்டு நம்மை நேராகப் பார்க்கிறார்கள். படம் உங்களுக்குப் பிடித்திருக்கும் என்று நம்புகிறோம், எங்களைப் பார்க்கத் தொடர்ந்து வந்துகொண்டே இருங்கள் என்கிறார்கள். அந்தப் படம் வெளியான அதே ஜூலை மாதம் ஜோடி பிரிந்துவிட்டது.

தெரிந்து பார்த்தால் அந்தச் சில விநாடிகளைப் பார்க்கவே முடியவில்லை. லூயிஸ் பல்லைக் காட்டுகிறார், மார்ட்டின் வழக்கம்போல் அலட்டாமல் நிற்கிறார், இருவருக்கும் நடுவில் என்ன இருந்தது என்று தேடித் தேடிப் பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. இயக்குநருக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா? படப்பிடிப்பு முழுக்க அவர்களோடு இருந்தவர். தெரிந்தேதான் அந்த வரியைச் சொல்ல வைத்தார் என்று நினைக்கிறேன். வெண்திரை சொல்லும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை, 'பார்ட்னர்ஸ்' ஒரு மறுஆக்கம். மூலம் 1936ல் பிங் கிராஸ்பி நடித்த 'ரிதம் ஆன் தி ரேஞ்ச்'. அதை எடுத்தவரும் இதே டாரோக், அதே பாராமவுண்டுக்கு. இருபது ஆண்டுகள் கழித்துத் தன் சரக்கையே தூசி தட்டிக் கொடுத்திருக்கிறார். இதைப் பெரிய குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஸ்டூடியோவில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர், கொடுத்த கதையை எடுத்தார். கலைஞன் என்று கொடி பிடிக்காதவர்களை எனக்குப் பிடிக்கும்.

இடைவேளை:

கடைசிவரிசைக்கு ஒரு பதில். ஒன்பது எல்விஸ் படங்களைக் கொடுத்த காரணம் கலை இல்லை. குறித்த நாளுக்குள், குறித்த பணத்துக்குள் முடித்துக் கொடுப்பார், நடிகர்களிடம் குரலை உயர்த்தமாட்டார், தயாரிப்பாளருக்கு அது போதும். 'ப்ளூ ஹவாய்' இசைத்தட்டு 20 வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. இப்படி ஓடினால் யாராக இருந்தாலும் அதே இயக்குநரைத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள். பாட்டியைப் பார்த்துப் பாடியதெல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. மற்றவற்றையும் பாருங்கள். 'ஸ்பீட்வே'யைக் கண் சொக்காமல் முடித்தவர் இங்கே எத்தனை பேர்?

என்னுடைய காட்சியும் ஒரு நாய்தான், வேறு வழியில்லை. டாரோக்கின் கடைசிப் படம் 'லிவ் எ லிட்டில், லவ் எ லிட்டில்' (1968). 'எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்' பாட்டு 2002ல் மறுகலவையாகி உலகெங்கும் ஓடியபோதுதான் நான் அந்தப் படத்தைத் தேடிப்போனேன். நடுவில் ஒரு கனவுக் காட்சி. எல்விஸ் எதிரில் நாய் வேஷம் போட்ட ஓர் ஆள், கிரேட் டேன் என்ற பெரிய நாயின் தலையை மாட்டிக்கொண்டு, மனிதக் குரலில் பேசுகிறது. எல்விஸும் சிரிக்காமல் பதில் சொல்கிறார்!

அந்த நாட்களில் டாரோக்கின் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. கடைசிக் காலத்தில் முழுக்கவே போய்விட்டது, 1981ல் காலமானார். நான் அந்தக் காட்சியைப் பார்த்தபோது இது எதுவும் தெரியாது, வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது அந்த நாய்த்தலையைப் பார்த்தால், இதை எடுத்தவருக்கு இது எந்த அளவுக்குத் தெரிந்தது, துணித் தலையின் தையல் தெரிந்ததா, வெறும் பழுப்பு நிறம்தானா என்றுதான் யோசனை போகிறது.

அப்புறம், அவரை வெறும் நகைச்சுவை இயக்குநர் என்று யாரும் ஓரம்கட்ட வேண்டாம். 'பாய்ஸ் டவுன்' (1938) அவருடையதுதான். அதற்கும் இயக்குநருக்கான பரிந்துரை கிடைத்தது. ஸ்பென்சர் டிரேசிக்கு ஆஸ்கரே கிடைத்தது. அதிலும் ஒரு சிறுவன் ஓடிவந்து காரில் அடிபடுவான். குழந்தைக்கு ஏதாவது ஆக வேண்டும், பெரியவர்கள் கலங்க வேண்டும். நாடகக்காரி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பாதிப் பதிவு பாடமாகிவிட்டது, குறும்படம் எடுப்பவர்கள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மாவுமூட்டை:

எல்லோரும் 1931க்குப் பிறகே நிற்கிறீர்கள். ஆள் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே நகைச்சுவை நடிகர் லாரி சீமனோடு சேர்ந்து மௌனக் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தவர். 'தி பேக்கரி' (1921), 'தி சாமில்' (1922) இரண்டையும் பாருங்கள். லாரலோடு ஜோடி சேரும் முன்பான ஆலிவர் ஹார்டியும் இரண்டிலும் உண்டு.

'பேக்கரி'யில் மாவு பறக்கிறது. நான் சொல்ல வந்தது, மாவு விழுந்த பிறகு வரும் அந்த ஒரு நொடி. சீமனின் முகம் முழுக்க வெள்ளை, கண் இரண்டும் கறுப்புப் பொட்டு. ஓடுவதற்கு முன் ஒரு கணம் சும்மா நிற்பார். அதற்குள் நான் சிரித்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்தான், ஏன் என்று தெரியவில்லை. அந்த நிறுத்தத்தைச் சீமன் யோசித்தாரா டாரோக் யோசித்தாரா என்று சண்டை போடலாம். நான் டாரோக் கட்சி. மார்ட்டின் லூயிஸ் படங்களிலும் அடி விழுந்த பிறகு அதே மாதிரி ஒரு நொடி விட்டுத்தான் வெட்டுவார், கவனித்துப் பாருங்கள்.

இரண்டுக்கும் அமெரிக்காவில் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். வேகமாக ஓடும் பிரதியைப் பார்க்காதீர்கள், அதில் அந்த நொடியே காணாமல் போய்விடும்.