ஃப்ரிட்ஜில் பச்சை வெண்ணெய் இருந்தால்: கனடா போகிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு

லீவுக்குப் பாளையங்கோட்டை வந்திருக்கிறேன். செப்டம்பரில் கனடா கிளம்பும் பக்கத்து வீட்டுத் தம்பி நேற்று வந்து, "அண்ணாச்சி, என்னென்ன கொண்டு போகணும்?" என்று கேட்டான். குக்கர், இட்லித் தட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுப்படியில் அம்மா வெண்ணெய் உருக்கி, கடைசியில் முருங்கைக்கீரையைப் போட்டாள். அந்த வாசனைக்குத்தான் இது ஞாபகம் வந்தது.

போன புதிதில் ஐந்து பேர் ஒரு பேஸ்மென்ட்டில் இருந்தோம், ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். ஒருநாள் காலை அதில் ஒரு டப்பா, லேசான பச்சை நிறத்தில் வெண்ணெய். நம்மாள் எவனோ முருங்கைக்கீரை போட்டு உருக்கியிருக்கிறான் என்று நினைத்து, தோசைக்கு இரண்டு ஸ்பூன் தாராளமாக விட்டேன். ஒன்றரை மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பஸ்ஸில் நெஞ்சு படபடத்தது, வாய் வறண்டது, இறங்க வேண்டிய நிறுத்தம் மறந்தது. ராத்திரி வரை படுக்கைதான். அது கஞ்சா வெண்ணெய்.

செய்தவனைத் திட்ட முடியாது. அங்கே 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்களுக்கு அது சட்டப்படி சரி. வயது மட்டும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும்: ஒன்டாரியோவில் 19, கியூபெக்கில் 21. வீட்டில் சமைக்கவும் தடையில்லை, பியூட்டேன் (லைட்டர் வாயு) மாதிரி கரைப்பானைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். கஞ்சாப் பூவை ஓவனில் வாட்டினால்தான் போதை தரும் டிஹெச்சி உண்டாகும். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் வெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ சிறுதீயில் ஊறவிட்டு வடிகட்டுகிறார்கள். நம் வீட்டில் கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சுகிற பக்குவம்தான்.

வம்பு அளவில் இருக்கிறது. கடையில் விற்கும் கஞ்சாத் தின்பண்டத்தில் ஒரு பாக்கெட்டுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் டிஹெச்சி இருக்கக் கூடாது. 20 சதவீதம் டிஹெச்சி உள்ள பூ என்றால் ஒரு கிராமிலேயே 200 மில்லிகிராம். வாட்டுவதிலும் வடிப்பதிலும் கொஞ்சம் போனாலும், மிச்சமே பல பாக்கெட்டுக்குச் சமம். டப்பாவில் எந்த ஓரத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று செய்தவனுக்கே தெரியாது. புகை மாதிரி உடனே ஏறாது, அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். "ஒண்ணும் பண்ணலையே" என்று இன்னொரு துண்டு தின்பவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஏறினால் 12 மணி நேரம் வரை நிற்கலாம். குழந்தை தின்றுவிட்டால் யோசிக்காமல் அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுங்கள்.

ஒன்டாரியோவில் புதிதாக ஓட்டுபவர்களுக்கான ஜி1, ஜி2 லைசென்ஸ் வைத்திருப்பவர் வண்டி ஓட்டும்போது உடம்பில் கஞ்சா இருக்கவே கூடாது. நம்மில் பலர் முதலில் ஓட்டுவது அந்த லைசென்ஸில்தான். போதையில் ஓட்டி மாட்டினால் பிஆர் கார்டுக்கே (நிரந்தரக் குடியுரிமை அட்டை) ஆபத்து.

ஊருக்கு வரும்போது அந்தக் கஞ்சா மிட்டாய், பிஸ்கட் எதுவும் பெட்டியில் வேண்டாம். கனடாவிலிருந்து வெளியே கொண்டு போவதே குற்றம். இங்கே 1985 போதைப்பொருள் சட்டம் காத்திருக்கிறது, திருவனந்தபுரத்தில் இறங்கினாலும் மதுரையில் இறங்கினாலும் அதே கதிதான். அல்வா வாங்கிக்கொண்டு போகிற பையில் திரும்பி வரும்போது சாக்லேட் என்று நண்பன் எதையாவது திணித்தால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வீட்டில் முதல் நாளே பேசிவிடுங்கள்: அந்த டப்பா தனித் தட்டில், பெயர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். என் நெய் டப்பாவிலும் 'முருங்கை நெய்' என்று தமிழில் ஒட்டியிருந்தேன். தமிழ் தெரியாத பஞ்சாபிப் பையன் ஒருவன் ஒரு மாதம் அதைத் தொடவே பயந்தான். பிறகு ஆங்கிலத்திலும் எழுதினேன், பத்தே நாளில் டப்பா காலி.