புதுப்பிப்பு: ஒருநாள் மலைப்பயணம், கடைசியில் பிரான்மலை

காரைக்குடியிலிருந்து ஒரே நாளில் போய்வர மலை எது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப்பேர் கொல்லிமலை, மீதிப்பேர் பிரான்மலை என்றீர்கள். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு என்றதுமே அப்பத்தா முகம் மாறிவிட்டது. சரி, பிரான்மலை.

திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாக விடிவதற்குள் அடிவாரம் சேர்ந்தோம். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பறம்புமலை இதுதான் என்பார்கள். சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றமும் இதுவே. கோயில் பாதாளம், பூலோகம், கைலாயம் என மூன்று அடுக்கு. அப்பத்தா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

நாங்கள் மேலே ஏறினோம். முதலில் மர நிழல், அப்புறம் வெறும் பாறை. உச்சியில் தர்கா. காற்று ஆளைத் தள்ளுகிறது! கீழே கண்மாய்கள் கண்ணாடித் துண்டுகளாகக் கிடந்தன. புளியோதரை அங்கேதான் காலியானது.

தப்பு ஒன்று செய்தோம்: நாலு பேருக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். இறங்கும்போது பாறை கொதித்தது. பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். குரங்குகளிடம் பையைக் காட்டாதீர்கள்.

கொல்லிமலை தைக்கு. அங்கே ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏற வேண்டுமாம், முழங்காலைத் தயார்படுத்துகிறேன்.