சீல் (கடல்நாய்) போட்டோ மேட்ச் பண்ணத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, நான் இங்கிலாந்துல கார்ன்வால் பக்கம் இருக்கேன், இங்க பாறையில வந்து படுக்குற கிரே சீல்களையெல்லாம் போட்டோ எடுத்து எது எதுன்னு அடையாளம் வைக்குற வாலண்டியர் வேலைல புதுசா சேந்திருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் ரோமத்துல இருக்குற புள்ளி டிசைன் தனி, வருஷத்துக்கு ஒருதடவை முடி கொட்டி முளைச்சாலும் அதே டிசைன்தான் வருமாம், அதனால டேக் எதுவும் மாட்டத் தேவையில்ல. பொம்பள சீல்னா வெளிர் நிறத்துல கருப்புத் திட்டு, பளிச்சுனு தெரியும், ஆம்பளைங்கதான் ஒரே கருப்பா இருந்து உயிர வாங்குறாங்க!

பிரச்சனை என்னன்னா நனைஞ்சா ஒரு மாதிரி காஞ்சா வேற மாதிரி தெரியுது, இடது பக்கம் இருக்குற டிசைன் வலது பக்கம் இல்ல, கிட்டப் போனா பயந்து தண்ணில குதிச்சிடும்ங்கறதால மலை மேல இருந்து ஜூம் போட்டுதான் எடுக்கணும், பாதி மங்கல். புலி வரிய வச்சு கணக்கெடுக்குற ஆளுங்க குரூப்ல இருந்தா சொல்லுங்க, கழுத்துப் பக்கத்த மட்டும் வெட்டி வச்சு ஒப்பிட்டா போதுமா, இதுக்கு ஃப்ரீ சாஃப்ட்வேர் ஏதாச்சும் இருக்கா? கழுத்துல வலை சிக்குன ஒண்ண திரும்ப வந்தா கண்டுபிடிக்கணும், அதான் அவசரம்.

அப்புறம் இந்தப் பக்கம் எடுத்த பழைய போட்டோ இருந்தா இன்பாக்ஸ்ல அனுப்புங்க, எந்த இடம்னு கமெண்ட்ல போட்றாதீங்க, கூட்டம் கூடிரும்.