1968 இசைத்தட்டு: கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கிறது

பிரிட்டிஷ் ராக் குழுவான ஜோம்பீஸின் 'ஒடெஸி அண்ட் ஆரக்கிள்' (1968) பழைய ஸ்டீரியோ தட்டு ஒன்று மூன்று வாரம் முன்பு கைக்கு வந்தது. வெளிவந்தபோது பெரிதாக யாரும் சீண்டாத ஆல்பம். அதற்குள் குழுவே கலைந்துவிட்டது. அட்டையில் 'ஒடிஸி'க்கு எழுத்துப்பிழை வேறு. பாட்டுகளோ அபாரம்.

சிக்கல் இதுதான்: இரண்டு பக்கத்திலும் கடைசிப் பாட்டு வரும்போது, வலது ஸ்பீக்கரில் மட்டும் 'ஸ', 'ஷ' ஒலிகள் பிசிறடிக்கின்றன. இடது பக்கம் சுத்தம். 1969இல் அமெரிக்காவில் ஹிட்டான 'டைம் ஆஃப் தி சீசன்' இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருப்பது என் கெட்ட நேரம்.

என்னிடம் இருப்பது மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சைகையாக மாற்றும் பாகம்), எலிப்டிகல் (நீள்வட்ட நுனி) ஊசி, இரண்டு மாதப் புதுசு. அழுத்தம் 1.8 கிராம், 2 வரை ஏற்றிப் பார்த்தேன், லேசான வித்தியாசம்தான். தட்டை இருமுறை டிஸ்டில்டு வாட்டரில் கழுவினேன். ஊசியின் கோணத்தை புரொட்ராக்டர் வைத்துச் சரிசெய்தேன். ஆன்டி ஸ்கேட்டிங்கை (ஊசிக்கை தட்டின் மையம் நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் அமைப்பு) கூட்டிக் குறைத்தும் பார்த்தாயிற்று. கார்ட்ரிட்ஜின் இடது, வலது ஒயர்களை மாற்றினால் கரகரப்பும் இடது ஸ்பீக்கருக்குப் போகிறது. அதனால் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் மேல் சந்தேகமில்லை. அப்புறம், அதே காலத்து வேறு தட்டுகள் கடைசி வரை சுத்தமாகவே ஓடுகின்றன.

ஆன்டி ஸ்கேட்டிங் இல்லாத பழைய பிளேயரில் ஓடி, வலது பக்க ஒலி பதிவாகியுள்ள பள்ளத்தின் வெளிச்சுவர் தேய்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

அப்படித் தேய்ந்த தட்டில், மைக்ரோலைன் ஊசி (இன்னும் மெல்லிய நுனி கொண்டது) மாற்றி யாருக்காவது கரகரப்பு குறைந்திருக்கிறதா?