57 பைசா அரிசியும் செக்கிங் நாளும்

1990இல் வந்தவர், ஈரோடு மாவட்டம்

இலங்கையில் மன்னார்த் தீவிலுள்ள பேசாலையில் அகதியாக வள்ளம் ஏறியபோது எனக்கு ஒன்பது வயது. அந்த ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. விடியும் முன்பே எங்களை ஒரு மணல் தீடையில் இறக்கிவிட்டு வள்ளக்காரர் திரும்பிவிட்டார். தம்பி அழாமல் இருக்க அம்மா அவன் வாயில் சீனியைப் போட்டபடி இருந்தார். பிறகு ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பதிவு. பெயர், ஊர், எத்தனை பேர் என்று கேட்டு எழுதினார்கள். சுடுசோறு கொடுத்தார்கள். நாலு நாளுக்குப் பிறகு கிடைத்த அந்தச் சோற்றை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி இந்த மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். பத்துக்குப் பத்து அடி வீடு, தார்ப்பாய்க் கூரை. அரிசி கிலோ 57 பைசாவுக்குக் கிடைத்தது. அதோடு அரசாங்கம் ஆளுக்கு ஆள் பணக்கொடையும் கொடுத்தது. அது இல்லாவிட்டால் நாங்கள் உயிரோடு இருந்திருக்க மாட்டோம். இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அந்தப் பணம் செக்கிங்கோடு வரும். அதிகாரி பெயர் வாசிக்கும்போது ஆள் எதிரே நிற்க வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, தம்பிக்குக் காய்ச்சல் முற்றி அம்மா அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன நாளில் செக்கிங் வந்தது. நான் சீட்டைக் காட்டினேன். 'ஆள் எங்கே?' என்று கேட்டுவிட்டு இரண்டு பெயரையும் அடித்துவிட்டார். இரண்டு பேருக்கும் அந்த மாதப் பணம் கிடைக்கவில்லை. அன்று இரவு எங்கள் வரிசையில் ஆறு வீட்டிலிருந்து ஆளுக்கொரு சுண்டு அரிசி வந்தது. அவர்களுக்கும் அளந்து வாங்கிய அரிசிதான்.

1991க்குப் பிறகு எங்கள் பிள்ளைகளுக்குக் கல்லூரி வாசல் அடைபட்டது. 1996இல் திறந்தது. என் அண்ணன் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டார். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர் பெயிண்ட் அடிக்கப் போனார்; இன்றும் அதே வேலைதான்.

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்

அம்மா, நான் அந்த மேஜைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தவன். உங்கள் முகாமில் இல்லை, வேறு மாவட்டம். உங்கள் வீட்டில் நடந்ததற்கு நான் வெட்கப்படுகிறேன்.

மாநில அரசு முதலில் செலவு செய்யும், பிறகு மத்திய அரசு திருப்பிக் கொடுக்கும். ஆகவே தணிக்கைக்குப் பயந்து, கண்ணால் பார்க்காத ஆளுக்குக் கையெழுத்துப் போட யாரும் துணிய மாட்டார்கள். பெயிண்ட் வேலைக்குப் போனவர்கள் செக்கிங்குக்காக வெளியூரிலிருந்து இரவு பஸ் பிடித்து வருவார்கள். குடும்பத் தலைவருக்கே ஆயிரம் ரூபாய் என்றிருந்த காலம் அது. பஸ் கட்டணமும் போன இரண்டு நாள் கூலியும் அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். கடைசி பஸ் வரும்வரை நான் பதிவேட்டை மூடியதில்லை. அதற்கு மேல் என்னால் முடிந்தது குறைவு.

2021இல் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார்கள். பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது அதில் பெரியது. பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்ந்தது. முகாம் என்ற பெயருக்கு முன்னால் 'மறுவாழ்வு' வந்தது. நல்ல காரியம். ஆனாலும் அங்கே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 2019இல் திருத்திய குடியுரிமைச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. முப்பது வருடம் பெயர் வாசித்தவன் என்ற முறையில் இதுதான் என்னை உறுத்துகிறது.

2022இல் வந்தவர், மண்டபம்

ஐயா, எங்களைக் குண்டு துரத்தவில்லை. பால்மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல்தான் வந்தோம். அந்த மார்ச்சில் முதல் ஆட்கள் வந்த பிறகு, கைக்குழந்தையோடு நானும் ஏறினேன். மண்டபத்தில் இருக்க இடம் கொடுத்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள். குழந்தைக்குப் பால் கொண்டுவந்த அந்தப் பெண் போலீஸின் முகம் நினைவில் இருக்கிறது.

ஆனால் எங்களை அகதி என்று பதியவில்லை. மற்றவர்களுக்குச் செக்கிங் வரும் நாளில் நாங்கள் வாசலில் நின்று பார்ப்போம். பெயரை அடித்தார்கள் என்று அக்கா எழுதியிருக்கிறார். எங்கள் பெயர் அந்தப் புத்தகத்தில் ஏறவே இல்லை. நானும் பேசாலைதான், அக்கா.

1990இல் வந்தவர், ஈரோடு மாவட்டம்

தங்கச்சி, பேசாலையில் எந்தப் பக்கம்? என் அம்மாவின் அக்கா குடும்பம் வெற்றி மாதா கோயிலடியில் இருந்தது. தொண்ணூறுக்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மாவுக்கு இப்போது எண்பது வயது, காது நன்றாகக் கேட்கிறது. உனக்கு அந்த வீட்டைத் தெரியுமா?