கையெழுத்துக்கு முன்னால் ஒரு கணக்கு

குழு: நம்ம வீடு

நான்: அப்பா, அம்மா, வீடு பார்த்துவிட்டோம். டல்லாஸுக்கு வடகிழக்கே பிரின்ஸ்டன் என்ற ஊர். புது வீடு, 4 படுக்கையறை, 4 லட்சம் டாலர். நாளை காலை கையெழுத்து.

அம்மா: வாசல் எந்தப் பக்கம்பா?

நான்: கிழக்கு அம்மா. நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்று விற்கிற பெண்ணே முதலில் சொல்லிவிட்டார்.

அப்பா: வட்டி?

நான்: அதுதான் நல்ல செய்தி. வெளியே ஆறரை, பில்டர் மூலம் போனால் நாலரை. கையிலிருந்து 40 ஆயிரம், மீதி 3,60,000 கடன். தவணை 1,824 டாலர். இப்போது தருகிற வாடகையே 2,300.

அக்கா: நில்லுடா. நாலரை 30 வருஷத்துக்குமா? தாளில் எங்காவது "2-1" என்று இருக்கிறதா பார்.

நான்: இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில்.

அக்கா: அப்படியென்றால் முதல் வருஷம் 4.5, இரண்டாம் வருஷம் 5.5, அப்புறம் கடைசி வரை 6.5. தவணை 1,824, பிறகு 2,044, பிறகு 2,275.

அப்பா: பில்டர் எதற்கு வட்டியைக் குறைக்கிறான்? விலையையே குறைக்கலாமே?

அக்கா: விலையைக் குறைத்தால் போன மாதம் அதே தெருவில் வாங்கினவர்கள் சண்டைக்கு வருவார்கள் அப்பா. அடுத்த வீட்டை மதிப்பிடுகிறவரும் அந்தக் குறைந்த விலையைத்தான் எடுத்துக்கொள்வார். கட்டி முடித்து விற்காமல் நிற்கிற புது வீடுகள் 2025-ல் 2009-க்குப் பிறகு இல்லாத அளவுக்குச் சேர்ந்துவிட்டன. உங்கள் டெக்சாஸில் அது நிறைய. அவர்களுக்கு வீடு நகர வேண்டும்.

அப்பா: கூட்டிப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து பில்டர் தன் கையிலிருந்து போடுவது 8,184 டாலர். 4 லட்சத்தில் 2 சதம்தான். நாலரை என்று பலகையில் எழுதினால் பெரிதாகத் தெரிகிறது.

சித்தப்பா: 2008 மாதிரி எல்லாம் விழுந்துவிடாதா? காத்திருந்தால் என்ன?

அக்கா: அப்போது வருமானச் சான்றே இல்லாமல் கடன் கொடுத்தார்கள் சித்தப்பா, பாதியில் ஏறுகிற வட்டியும் வைத்தார்கள். இப்போது பெரும்பாலும் 30 வருஷமும் மாறாத வட்டி. அதனால் அடித்துப் பிடித்து விற்கிறவர்கள் குறைவு. ஆனால் ஊருக்கு ஊர் வேறு. டெக்சாஸிலேயே ஆஸ்டினில் நிறையக் கட்டினார்கள், 2022 உச்சத்திலிருந்து விலை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. நியூ ஜெர்சியில் எங்கள் எடிசன் பக்கம் கட்ட இடமே இல்லை, விலையும் இறங்கவில்லை.

அப்பா: நீ அந்தச் சின்ன வீட்டை விற்றுப் பெரியதாகப் போகிறேன் என்றாயே?

அக்கா: முடியவில்லை அப்பா. 2021-ல் 2.875-க்கு எடுத்தோம். 4 லட்சம் கடனுக்கு 1,660 கட்டுகிறோம். அதே கடனை இன்று ஆறரைக்கு எடுத்தால் 2,528. பழைய வட்டியைப் புது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, விற்ற அன்றே அந்தக் கடன் முடிந்துவிடும். இரண்டு பிள்ளைகளும் ஒரே அறையில் கட்டில் மேல் கட்டில். அத்தை வந்தால் ஹாலில்தான் படுக்கிறார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நாடு முழுக்க இதே கதைதான். 2021-ல் 61 லட்சம் பழைய வீடுகள் கைமாறின, 2024-ல் 40.6 லட்சம். 1995-க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததே இல்லை.

அப்பா: இங்கே ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினால் நம் கடனும் கூடவே ஏறும், இறக்கினால் இறங்கும். அங்கே பூட்டிக்கொண்டவன் பிழைத்தான், அப்புறம் வந்தவன் மாட்டினான்.

அக்கா: தம்பி, முக்கியமானதே இனிமேல்தான். அந்த 1,824-ல் சொத்து வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்திருக்கிறதா?

நான்: தனி. வரிக்கு மாதம் 180 என்று போட்டிருக்கிறார்கள். குறைவுதானே?

அக்கா: அது வெறும் மனைக்குப் போட்ட வரிடா! டெக்சாஸில் ஜனவரி 1 அன்று இடம் எப்படி இருக்கிறதோ அதற்குத்தான் அந்த வருஷ வரி. அன்றைக்கு அங்கே வீடே இல்லை. அடுத்த வருஷம் முழு வீட்டுக்கும் போடுவார்கள். ஹோம்ஸ்டெட் விலக்கு, அதாவது நாமே குடியிருக்கிற வீட்டின் மதிப்பில் ஒரு பகுதிக்கு வரி போடாத சலுகை, அதைக் கழித்தாலும் (பள்ளி வரிக்கான அந்த விலக்கை 2025-ல் ஒரு லட்சத்திலிருந்து 1,40,000 ஆக்கினார்கள்) உன் வீட்டுக்கு இந்த 180-ஐவிட ரொம்ப அதிகமாக வரும்.

டல்லாஸ் பக்கம் செலீனாவில் இருக்கிற என் கல்லூரித் தோழிக்கு இதுதான் நடந்தது. கடன் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம், எஸ்க்ரோவில், அதாவது வரிக்கும் காப்பீட்டுக்கும் மாதாமாதம் நம்மிடம் வாங்கிச் சேர்த்து வைக்கிற கணக்கில், பற்றாக்குறை என்று. தவணை மாதம் 900 டாலருக்கு மேல் கூடிவிட்டது. பாதி புது வரி, பாதி போன வருஷத்துப் பாக்கி. வட்டி மாறாதுதான், மாதம் கட்டுகிற தொகை மாறும். சமையல் மேடை மேல் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

நான்: இதை யாருமே சொல்லவில்லை அக்கா.

அக்கா: காப்பீட்டையும் பார். ஆலங்கட்டி மழைக்கு உன் பங்கு காப்பீட்டுத் தொகையில் 2 சதம் என்று இருந்து, அந்தத் தொகை 4 லட்சம் என்றால், கூரை போனால் முதல் 8,000 டாலர் உன் கையிலிருந்து. 10 சதம்தான் முன்பணம் என்பதால் பிஎம்ஐ வேறு, அதாவது கடன் கொடுத்தவரின் பாதுகாப்புக்கு நீ கட்டுகிற காப்பீடு.

நான்: இப்போதுதான் எல்லாம் கூட்டினேன். மூன்றாம் வருஷம் மாதம் 3,000 டாலரைத் தாண்டிவிடுகிறது. மார்ச்சில் குழந்தை வந்ததும் இவள் சம்பளம் கொஞ்ச நாள் இருக்காது.

அம்மா: நாளைக்குக் கையெழுத்துப் போடாதே கண்ணா.

மறுநாள்

நான்: பேசிவிட்டேன். இரண்டு வருஷச் சலுகை வேண்டாம், அதே பணத்தைப் போட்டு 30 வருஷத்துக்கும் வட்டியைக் குறையுங்கள் என்றேன். 5.99 தருகிறார்களாம், தவணை 2,156. விலையில் 15 ஆயிரம் குறைப்பீர்களா என்றும் கேட்டிருக்கிறேன், மாலை சொல்வார்கள். அதற்குள் மெக்கின்னியில் ஒரு பழைய வீடு பார்க்கப் போகிறோம். 2004-ல் கட்டியது, கூரை போன வருஷம் மாற்றியது.

அக்கா: அப்படிச் செய். கூரை மாற்றிய ரசீதைக் கேள்.

அப்பா: அந்த வீட்டுக்கு மூன்று வருஷ வரிச் சீட்டையும் வாங்கி இங்கே அனுப்பு.